ஏலக்காரர் குரலும் ஒரு ரீஸ்டார்ட்டும்

காய்கறிச் சந்தையில் எண்பது கூடைகளுக்கு அப்பால் நிற்பவனுக்கும் ஏலக்காரர் குரல் கேட்கும் என்பார்கள். சங்கத்தார் ஒலிபெருக்கி வாங்கித் தர முன்வந்தபோது, "என் பக்கத்துல நிக்க அதுக்கு வெக்கமா இருக்காதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் ஒன்பது நாளாக, நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் மின்விசிறி கூட இல்லாமல் உட்கார்ந்து, தாளில் இருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

தொண்டையில் கட்டி. மறுநாள் காலை குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சைப் பற்றி அப்படிச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால், அதிலிருந்து கம்ப்யூட்டர் அவருடைய குரலையே செய்து கொடுத்துவிடும். பிறகு உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் அவர் எதை எழுதினாலும், அது அவர் குரலில் பேசும்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இந்த வேலைக்கென்று இருந்தவர்கள் இரண்டே பேர். பதிவு செய்து, கேட்டு, சரிபார்ப்பவளுக்கு 'மறுபடியம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்து தேய்ந்தாலும், "மறுபடி ஒரு தடவை" என்பாள். ஏலக்காரர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். சின்ன வயதில் தன்னை இத்தனை தடவை திருப்பிப் படிக்க வைத்தது ஒரு டீச்சர்தானாம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு 'தொடாதே சார்' என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் மேசை விளக்கு ஒரு வருடமாகச் சாய்ந்தே எரிகிறது. நிமிர்த்தினால் அணைந்துவிடுமோ என்று அப்படியே விட்டிருந்தார்.

பதிவுகள் போய்ச் சேரும் இடம் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதாவது தனியாக ஒரு பெட்டி கிடையாது. கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய சர்வருக்குள், ஒரே வீட்டில் தடுப்பு வைத்துப் பல குடித்தனம் இருப்பதுபோல, பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு குடித்தனம் இவர்களுடையது. மறுபடியம்மாவின் மாமியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசியில் மாமியார், "இல்லாத கம்ப்யூட்டருக்கா தினமும் இவ்வளவு சீக்கிரம் கிளம்பிப் போறே?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

காலை பத்தரை மணிக்கு ஏலக்காரர் கடைசி வாக்கியத்தை வாசித்தார். 'நாளைக்கு மழை வருமா?' என்பது தாளில் இருந்தது. அவர் வாசித்ததைக் கேட்டால் மழையைக் கூடையில் வைத்து விலை கேட்பதுபோல இருந்தது.

"மறுபடி ஒரு தடவை. மழைய விக்காதீங்க, சும்மா கேளுங்க," என்றாள் மறுபடியம்மா.

"வித்தா நல்ல விலை போகும் டீச்சர்," என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி. பிறகு சமர்த்தாக வாசித்தார்.

ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. வெளியே பெஞ்சில் காத்திருந்த அவர் மனைவி எழுந்தார். "முடிஞ்சுதாம்மா? கிளம்பலாமா?"

"ஒரு மணி நேரம் மட்டும் இருங்கம்மா. டீ சொல்றேன்," என்றாள் மறுபடியம்மா. "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

அந்தச் சின்ன வேலையைக் கேட்டதும் தொடாதே சாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரீஸ்டார்ட்டா? எதுக்கு?"

"சனிக்கிழமை கட்டடத்துக்கே கரண்ட் நிறுத்தப் போறாங்க சார். கீழ இருக்கற சர்வர் அணைஞ்சா நம்ம மெஷினும் அணையும். திரும்ப எழுந்திருக்கும்போது பதிவெல்லாம் பத்திரமா இருக்குமான்னு பாக்கணும்."

"அத சனிக்கிழமை பாத்துக்கலாமே."

"சனிக்கிழமை ஏதாவது ஆயிடுச்சுன்னா, யார மறுபடி வாசிக்கச் சொல்றது?"

அது நியாயம்தான் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "அம்மா தாயே, இருநூத்திப் பதினாலு நாளா அந்த மெஷின் ஒரு தடவ கூட கண்ணசரல. தெரியுமா உங்களுக்கு?"

"அதான் சார் பயமா இருக்கு. இருநூத்திப் பதினாலு நாளா அத யாரும் எழுப்பிப் பாக்கலன்னுதானே அர்த்தம்?"

"வாயில்லா ஜீவன் அது. தூங்க விட்டு எழுப்பணுமாம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டினாலும் தனியே விட்டுப் போகிறவர் இல்லை.

ரீஸ்டார்ட்டுக்கு முன் அவள் செய்வதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் மெஷினின் முன்வாசலில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், ஒரு சீட்டு, அதாவது ஒரு சின்ன ஃபைல், எழுதி வைப்பாள். அதில் எப்போதும் ஒரே வரி: 'இங்கே வைத்ததை இங்கேயே காத்தருள்.' கடவுளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று தொடாதே சார் ஒருமுறை கேலி செய்தபோது, "அவருக்குத் தெரியும் சார். எனக்குத்தான் பாதி தெரியாது. அதனாலதான் எழுதறேன்," என்றாள். அடுத்து, பதிவுகளை எண்ணிக் குறிப்பாள். ஒவ்வொரு பதிவுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண் உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அந்தக் கைரேகைகளையெல்லாம் எடுத்துத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வாள். அன்றும் எல்லாம் முறைப்படி செய்தாள். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து, விசையைத் தட்டினாள்.

திரை கறுத்தது. தொடாதே சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடத்தில் மெஷின் எழுந்துவிட்டது. முன்வாசலில் சீட்டு இருந்தது.

"இருக்கு!" என்றாள்.

"சொன்னேன்ல?" என்று அவர் எழுந்தார். "போங்க, போய் அவங்கள வழியனுப்புங்க."

"எண்ணிட்டுப் போறேன்."

எண்ணினாள். திரையில் வந்தது பூஜ்யம்.

தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். அதே பூஜ்யம். பதிவுகள் இருந்த ஃபோல்டர், மெஷினுக்குள் இருக்கும் அந்த அறை, அங்கேதான் இருந்தது, கதவும் இருந்தது, உள்ளே ஒரு துரும்பு இல்லை. திரும்பிப் பார்த்தாள். பாதி எழுந்த தொடாதே சார் அப்படியே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பேக்கப் இருக்குல்ல சார்?"

அவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பழைய டிஸ்குக்குத்தான் இருக்கு. இந்தப் பதிவெல்லாம் புது டிஸ்க்ல. அத நான்… பட்டியல்ல சேக்கல போலிருக்கு." குரல் அவருக்கே கேட்கவில்லை.

வெளியே ஏலக்காரர் ஏதோ சொல்ல, அவர் மனைவி சிரிப்பது கேட்டது. மறுபடியம்மாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், தேடிப் பார்ப்போம், கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். நல்ல நினைப்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது இன்றைய பகல் மட்டும். அதிலிருந்து ஒரு மணி நேரத்தை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவள் எப்போதும் மதிப்பவள். எழுந்து வெளியே போனாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னாள். மெஷினை நிறுத்தி எழுப்பியது, பதிவுகளைக் காணாதது, தேடிக்கொண்டிருப்பது, கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்பது. "மன்னிச்சிடுங்க," என்றாள் கடைசியில்.

ஏலக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஒம்போது நாள் கத்தினது மொத்தமும் போச்சா?" என்றார்.

"இருபத்தெட்டு வருஷமா இவர் கத்தினதுல எது நின்னுச்சு?" என்றார் மனைவி. சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் மறுபடியம்மாவுக்கு மூச்சு வந்தது.

"சரி டீச்சர், இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தொண்டை என்னுதுதானே? ஆரம்பிங்க. மறுபடி ஒரு தடவை!"

இந்த இடத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். சந்தேகம் வந்த இடத்தில் மேலும் எதையும் எழுதக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு முறை. புதிய பதிவுகளை அந்த மெஷினுக்கு அனுப்பாமல், இருவரையும் பஞ்சு ஒட்டிய அறைக்கு அழைத்துப்போய், தன் போனை ஒரு தலையணை மேல் வைத்து, அதிலேயே பதிவு செய்யத் தொடங்கினாள். ஆயிரம் வாக்கியம் இனி முடியாது. தாளில் எவை முக்கியம் என்று அவள் பென்சிலால் குறிப்பதற்குள், ஏலக்காரர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"மழை வருமா வராதான்னு நான் எழுதியே கேட்டுக்கறேன் டீச்சர். கொஞ்ச நேரந்தான் இருக்குன்னா, எனக்கு வேணுங்கறத சொல்லிக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"இந்தா," என்று கூப்பிட்டார். அதையே கொஞ்சம் கோபமாக, "இந்தா!" பிறகு கெஞ்சலாக, "இந்தாம்மா." பிறகு, "இந்தா, டீ ஆறிப்போச்சு."

"ஆறினா குடிக்கறது! வாய் பாத்துட்டு உக்காந்திருந்தா?" என்றார் மனைவி, வழக்கப்படி.

"நீங்க பேசக் கூடாதும்மா. உங்க குரலும் பதிவாயிடும்."

"ஆகட்டுமே. இவர் எதச் சொன்னாலும் கூடவே நான் ஒண்ணு சொல்வேன்னு அந்த மெஷினுக்கும் தெரியட்டும்."

இப்படிப் பதினோரு வாக்கியம் ஆனது. நடுவில் தண்ணீர் குடிக்க ஏலக்காரர் வெளியே வந்தார். தொடாதே சார் இன்னமும் அந்தக் காலி அறையையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அழிந்துபோன பதிவுகளின் அடையாளமாவது இருக்குமா என்று துழாவினார். ஒரே வரியை மூன்று தடவை தப்பாகத் தட்டினார்.

"தம்பி," என்று ஏலக்காரர் அவர் தோளில் கை வைத்தார். தனக்கு வரவேண்டிய வசவு வந்துவிட்டது என்று தொடாதே சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க சந்தையில கூடை காணோம்னா, முதல்ல நாங்க யாரையும் திட்ட மாட்டோம். திட்டினா தேடறவனுக்குக் கண்ணு தெரியாது. அதுவுமில்லாம, முழுக் கூடை எங்கயும் நடந்து போயிடாது தம்பி. பத்துல ஒம்போது தடவ அது வந்த வண்டியிலேயேதான் இருக்கும். எறக்க மறந்திருப்பானுங்க. மொதல்ல ஒரு வாய் டீ குடிங்க."

தொடாதே சார் டீயை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது.

"வண்டி," என்றார்.

டம்ளரை அப்படியே சாய்ந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினார். மறுபடியம்மா ஓடி வந்தாள். திரையில், மெஷினோடு சேர்ந்த டிஸ்குகளின் பட்டியல். பழையது ஒன்று. அதற்குக் கீழே புதியது ஒன்று, முழுசாக, நிறைந்து, யாரோடும் ஒட்டாமல், வாசலில் நிற்கும் விருந்தாளிபோல நின்றுகொண்டிருந்தது.

"அழியல," என்றார் அவர். "எதுவுமே அழியல. டிஸ்க் இந்த ஃபோல்டரோட சேரல, அவ்வளவுதான். அன்னிக்கு நான் கையால சேத்து வச்சதோட சரி. மெஷின் எழுந்ததும் தானா சேத்துக்கணும்னா அதோட பட்டியல்ல ஒரு வரி எழுதணும். அந்த ஒத்த வரிய எழுதாம விட்டுட்டேன். பேக்கப்பும் அதே கதைதான்." நெற்றியில் அடித்துக்கொண்டார். "எப்படி விட்டேன்னே ஞாபகம் இல்ல. என் தப்புதான். முழுக்க என் தப்பு."

தான் முன்பு தட்டிய வரிகளின் பழைய குறிப்பை அவர் திறந்தார். டிஸ்கைக் கையால் சேர்த்த வரி அங்கே இருந்தது. தேதி, காலை பதினொன்று நாற்பது. அதற்கு அடுத்த வரி இரண்டு நாள் கழித்துத்தான்.

மறுபடியம்மா அந்தத் தேதியைப் பார்த்தாள். ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தத் தேதியை அவள் மறக்கவே முடியாது. பள்ளிக்கூடத்தில் ஊஞ்சலிலிருந்து மகள் விழுந்துவிட்டாள் என்று அவளுக்குப் போன் வந்த நாள். அவள் படியில் இறங்கத் தெரியாமல் நின்றபோது, இந்த மனிதர்தான் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க" என்றார். மகளின் முகவாயில் நாலு தையல் போட்டு முடிக்கும்வரை, குழந்தையின் ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் எதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"சார், தேதியப் பாருங்க."

பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. "ஓ," என்றார். பிறகு அவசரமாக, "அதுக்காக? திரும்பி வந்து எழுதியிருக்கணும்ல? அது தப்புதான்," என்றார்.

"தப்புதான் சார். நானும் அன்னிக்கே ஒரு தடவ எழுப்பிப் பாத்திருக்கணும். உங்க தப்புல பாதி எனக்குக் குடுங்க," என்றாள். கண் கலங்கியது அவளுக்கு, சிரிப்பும் வந்தது.

"பங்கு அப்புறம் பிரிக்கலாம். கூடைய எறக்குங்கப்பா!" என்றார் ஏலக்காரர் பின்னாலிருந்து.

தொடாதே சார் ஒரே ஒரு வரி தட்டினார். அவள் எண்ணினாள். ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. கைரேகைகளை ஒப்பிட்டாள், ஒன்று கூட மாறவில்லை. ஏலக்காரர் மனைவி கையைக் கூப்பி, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு தொடாதே சார் அந்த விட்டுப்போன வரியைப் பட்டியலில் எழுதினார். பேக்கப்பிலும் எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். மறுபடியம்மா வாயைத் திறக்குமுன், அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மறுபடி ஒரு தடவை," என்றார் தொடாதே சார்.

அந்தப் பிரிவின் சரித்திரத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் புதிதாக ஒரு சீட்டு எழுதினாள். முன்வாசல் பழைய டிஸ்கில் இருந்ததால் இந்த முறை அங்கே வைக்கவில்லை; பதிவுகள் இருக்கும் அதே அறைக்குள்ளேயே வைத்தாள். வேண்டுதலைக் கேட்டவருக்குக் காத்தருள மனசு இருந்தாலும், சீட்டைச் சரியான இடத்தில் வைப்பது நம் வேலையல்லவா? விசையை அவர் தட்டினார்.

திரை கறுத்ததும் ஏலக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். சந்தையில் பழகிய அந்தக் குரலை, மிச்சமிருந்த ஒருநாள் குரலை, அப்படியே எடுத்து விட்டார்.

"ஆயிரத்தி நூத்தி அறுவத்தி நாலு! ஒரு தரம்!"

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு தரம்!"

திரை வெளுத்தது. மறுபடியம்மா எண்ணினாள். எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். சீட்டு இருந்தது. எண்ணும் இருந்தது.

"மூணு தரம்!" என்று கத்தினார் ஏலக்காரர். நர்ஸ் இறங்கி வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று கேட்டார். நாளையிலிருந்து சத்தமே வராது என்று ஏலக்காரர் சொன்னதும், அந்த நர்ஸ் தானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

போனில் இருந்த பதினோரு வாக்கியங்களையும் அன்று மதியமே மெஷினில் சேர்த்தார்கள். மனைவியின் குரல் ஒட்டியிருந்த இடங்களை வெட்டட்டுமா என்று மறுபடியம்மா கேட்டாள். வேண்டாம், தனியாக ஒரு பிரதி வெட்டாமல் வேண்டும் என்றார் ஏலக்காரர்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை கரண்ட் போனது, வந்தது. ஆயிரத்து நூற்று எழுபத்தைந்தும் இருந்த இடத்தில் இருந்தன. இரண்டு வாரம் கழித்து இருவரும் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்கள். கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த ஏலக்காரர், ஒற்றை விரலால் மெதுவாக எழுதினார்.

"இந்தா, டீ ஆறிப்போச்சு," என்றது கருவி. எண்பது கூடைக்கு அப்பால் கேட்காது. அந்தக் கட்டில் அளவுக்குக் கேட்டது. ஆனால் அவர் குரல்தான்.

"டீ இன்னும் வரவே இல்லீங்க," என்றார் மனைவி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவ அணைச்சுட்டுப் போட்டுப் பாத்துடலாமா?" என்றாள் மறுபடியம்மா, தயங்கியபடி.

"ஓடறத…" என்று ஆரம்பித்த தொடாதே சார் வாயை மூடிக்கொண்டு, "பாத்துடலாம்," என்றார்.

ஏலக்காரர் கையைத் தூக்கி, பொறு என்பதுபோலக் காட்டினார். ஏதோ எழுதினார். "ஒரு தரம்," என்றது கருவி. அவரே அதை அணைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்து, போட்டார். எழுதினார்.

"ரெண்டு தரம்."

அடுத்ததை எழுத விரல் போவதற்குள் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது தரத்த நானே சொல்லிக்கறேன். ஏலம் முடிஞ்சுது. இது எனக்குத்தான்."